எங்கள் நாடகத்துக்குச் சிரித்த பெரிய மனிதர்

ஐம்பதுகளில் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்தேன். ஆண்டு விழாவுக்கு நாங்களே ஒரு நாடகம் எழுதினோம். எங்கள் அம்மாக்கள் சிறுமிகளாக இருந்தபோது நடந்த கதை அது. சுரண்டைப் பக்கம் ஒருவன், சொல்லாமல் தாய்வீட்டுக்குப் போய்வந்தாள் என்று மனைவியை உலக்கையால் அடித்தே கொன்றான். படியில் விழுந்துவிட்டாள் என்று கோர்ட்டில் சாதித்து வெளியே வந்துவிட்டான். அக்கம்பக்கத்தில் ஒருவரும் சாட்சி சொல்லவில்லை. பார்க்கிற பெரியவர்களுக்கு உறைக்கும் என்று நம்பினோம்.

மனைவியாக நடித்தவள் என் தோழி வடிவு. அவள் அடிபட்டு விழுந்தபோது முன்வரிசை நாற்காலிகளில் சிரித்தார்கள். தலைமை தாங்க வந்த வக்கீல் வெற்றிலையை மென்றுகொண்டே மைக்கைப் பிடித்து, "பிள்ளைங்க நல்லா நடிச்சிருக்கு. அந்தப் பொம்பள கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருந்தா உசுரு தப்பியிருக்கும்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். சரிகை அங்கவஸ்திரம் போட்ட இத்தனை அற்பமான மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

முகத்தில் சிவப்புச் சாயத்தோடு நின்ற வடிவு சொன்னாள்: "அனுசரிச்சுப் போனதாலதான் சார் அவ செத்தா."

தலைமையாசிரியை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். வடிவு கேட்கவில்லை. அவளைப் பள்ளியை விட்டு நிறுத்தினார்கள். வக்கீலுக்குக் குற்றாலத்தில் விருந்து வைத்தார்கள்.

சில வருஷம் கழித்து என் தங்கையைச் செங்கோட்டையில் கட்டிக்கொடுத்தோம். வந்தவர்கள் எல்லாரும் அவளிடம் அனுசரித்துப் போகச் சொன்னார்கள். நான் தனியே கூப்பிட்டு, "ஏட்டி, அவன் கைநீட்டினா அன்னைக்கே பஸ் ஏறி வந்துரு" என்றேன். ஒருநாள் வந்து நின்றாள். திருப்பி அனுப்ப நான் விடவில்லை.

இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பெண்ணின் காதில் அதைச் சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்காருகிறேன்.