வாலாம்பாள் கேட்ட ஏழு ஹார்ட்ஸ்

சீட்டுக் குலுக்க என் அத்தை பெண் வாலாம்பாள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு ஆள் தம்பானூர் போய் பஸ் பிடித்துவிடலாம். விரலில் கோளாறு ஒன்றும் கிடையாது. ஜகதியில் ஒரு மாடியில் நடக்கும் எங்கள் பிரிட்ஜ் கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. அரசியலும் வரியும் சீட்டுக் குலுக்கும்போது மட்டும் பேசலாம். சீட்டைப் போட்டுக் கையில் எடுத்துவிட்டால் ஆட்டம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. ஒரு தேர்தல் சமயத்தில் மேஜை ஒன்று கவிழ்ந்த பிறகு எங்கள் செக்ரட்டரி ஷைலஜா கொண்டுவந்த சட்டம் இது. மற்ற எல்லார் வாயும் அடைந்தது. வாலாம்பாள் மட்டும் குலுக்கும் நேரத்தை நீட்டிக்கொண்டாள்.

"பெட்ரோலுக்கு செஸ் வரி போட்டாலும் கத்தறேள், பென்ஷன் லேட்டானாலும் கத்தறேள். காசு என்ன பத்மதீர்த்தக் குளத்துலயா மொளைக்கறது?" என்பாள் குலுக்கிக்கொண்டே.

எதிரே உட்கார்ந்திருக்கும் வன்னியராஜ் விடமாட்டார். "ஒரு இட்லி மேல எத்தன பேரும்மா ஏறி உக்காருவீய? கேஸ் வாங்கும்போது ஒரு வரி, மிஷின் வாங்கும்போது ஒரு வரி, இட்லிய விக்கும்போது ஒரு வரி. இட்லி தாங்குமா?"

"தாங்கும். உங்க இட்லி எதையும் தாங்கும். நான் சாப்பிட்டிருக்கேன்."

"மதி, மதி, போறும்!" என்று ஷைலஜா மேஜையைத் தட்டுவாள். "சேச்சி, சீட்டு போடுங்கோ. நேரம் எந்தாயின்னு பாத்தேளா?"

எங்களோடு பழகிப் பழகி ஷைலஜாவின் மலையாளத்தில் கரமனை அக்கிரகாரம் புகுந்துவிட்டது. அவள் எனக்கு ஜோடி. நாங்கள் இருவரும் இந்த மேஜையில் தோற்றுக்கொண்டே இருக்கிறவர்கள். ஆகவே வாலாம்பாளின் சரித்திரத்தைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஜெயிக்கிறவன் தன் சீட்டைப் பார்ப்பான்; தோற்கிறவன்தான் எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

வாலாம்பாள் விற்பனை வரி ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து, பரீட்சைக்கு மேல் பரீட்சை எழுதி, டெபுடி கமிஷனராக ரிட்டயர் ஆனவள். இளவயதில் எல்லைச் சோதனைச் சாவடியில் போட்டிருந்தார்கள். அங்கே லாரியின் தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லமாட்டாளாம். டயர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்ப்பாளாம். பில்லில் பஞ்சு என்று இருக்கும். டயர் இரும்பு என்று சொல்லும். பிறகு கோழிக்கோட்டுக்கு மாற்றல். அங்கே ஆபீசர்கள் கிளப்பில் ஒழுங்காகச் சுற்றுகிற ஃபேன் சீட்டாடும் அறையில் மட்டும்தான் இருந்தது. காற்று வாங்கப் போனவள் நாலாவது கையாக உட்கார்ந்தாள். அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "ஒருத்தனும் சரியா ஏலம் கேக்கலை" என்பாள்.

தேர்தல் வந்தால் மூன்று கூட்டணிக்காரர்களும் அவள் வாசலுக்கு வருவார்கள். இலவசமாக அது தருவோம், இது தருவோம் என்று நோட்டீசை நீட்டுவார்கள். மூவரிடமும் அவளுக்கு ஒரே கேள்விதான்: "அதுக்குப் பணம்?" போன தடவை மூன்றாவது கூட்டணிக்காரன் தெருமுனையிலேயே விசாரித்துவிட்டு அவள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டான். வரியைக் கூட்டுவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்கும் ஒரு கட்சி இந்த நாட்டில் பிறக்கும் என்று அவள் இன்னும் காத்திருக்கிறாள்.

வன்னியராஜ் நேர் எதிர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சப்ளையராக வந்து, இப்போது சாலை பஜாரில் சொந்தமாக ஹோட்டல் நடத்துகிறவர். எந்தக் கட்சி ஜெயித்தாலும் இந்தத் தடவை எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவார். விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றால் போதும், ஹோட்டலில் இன்னும் நாலு மேஜை போட வேண்டும் என்பார். கடையை அடைத்த பிறகு ஆட்களோடு அம்பத்தாறு என்கிற சீட்டாட்டம் ஆடிப் பழகிய கை. அதிலும் ஜோடி உண்டு, ஏலம் உண்டு. அதனால் பிரிட்ஜ் அவருக்குச் சுலபமாக வந்துவிட்டது.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. ஆறு பிடி போக மேற்கொண்டு எத்தனை பிடி பிடிப்போம், எது துருப்பு என்று முதலில் ஏலம் கேட்க வேண்டும். கையில் என்ன இருக்கிறது என்பதை ஜோடிக்குச் சொல்ல அந்த ஏலத்தைத் தவிர வேறு வழி கிடையாது. கண்ணைக் காட்டக் கூடாது, கனைக்கக் கூடாது. அதிகம் கேட்டுவிட்டுப் பிடிக்க முடியாமல் போனால் அடி. குறைவாகக் கேட்டால், கிடைத்திருக்க வேண்டியது போச்சு.

இங்கேதான் வேடிக்கை. நாட்டுக்கு ஒரு பைசா கடன் கூடாது என்று அடித்துச் சொல்லும் வாலாம்பாள் ஏலத்தில் இறங்கினால் தாம்தூம் என்று கேட்பாள். உத்தியோகம் முழுக்க வசூல் இலக்கு, வசூல் இலக்கு என்று கேட்டே வளர்ந்தவள்; கையில் மூன்று இருந்தால் ஐந்து என்பாள். ஊரெல்லாம் தேனும் பாலும் ஓடப்போகிறது என்று நம்பும் வன்னியராஜோ சீட்டைக் கையில் எடுத்தால் மகா கஞ்சன். இருபது பேருக்குச் சாப்பாடு என்று ஒப்புக்கொண்டால் முப்பது பேருக்கு மாவு அரைக்கிற ஹோட்டல்காரர் அவர். ராஜாவும் ராணியும் கை நிறைய இருக்கும். "ஒரு ஹார்ட்" என்று முனகிவிட்டு ஃபேனைப் பார்ப்பார்.

வாலாம்பாளுக்கு முன்னால் உட்கார்ந்த ஜோடிகள் எல்லாம் ஓடியே போனார்கள். நானும் ஒரு மாதம் உட்கார்ந்து, ரத்தக் கொதிப்பு மாத்திரையோடு எழுந்தவன். வன்னியராஜ் மட்டும் நிலைத்தார். எப்படி என்று நான் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒருநாள் அவளே சொன்னாள்: "அவர் காட்டற கணக்கு எப்பவும் கம்மி, சேஷா. வியாபாரி இல்லையா? நான் ஒரு ஏஸ் சேர்த்துப் படிச்சுப்பேன்." அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அம்மா சொல்லுதது பட்ஜெட் மாதிரி சார். பாதிய வெட்டிட்டுத்தான் நம்பணும்" என்றார். அவர் மறைத்ததை அவள் சேர்த்தாள். அவள் ஏற்றியதை அவர் கழித்தார். இரண்டு தப்பும் ஒன்றையொன்று தின்று, நடுவில் சரியான விடை வந்து நின்றது. இப்படி ஆடியே வருஷா வருஷம் கிளப்பின் ஓணம் போட்டியில் பரிசாக வைக்கும் வெண்கல உருளியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு வயிறு எரியும்.

இந்த வருஷம் ஓணத்துக்கு இரண்டு வாரம் முன்னால், குலுக்கும் நேரத்தில், விஷயம் கை மீறிவிட்டது. வரியைக் குறைத்தால்தான் எல்லாரும் ஒழுங்காகக் கட்டுவார்கள் என்றார் வன்னியராஜ். யார் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று அவள் கேட்டாள். நான் கட்டுதேன் என்றார் அவர். வாலாம்பாளுக்கு வாய் ஒரு வேகத்தில் ஓடும், பிரேக் கிடையாது.

"நீங்களா? சீட்டுலேயே கணக்கை மறைக்கறவர், ஹோட்டல்ல மறைக்காம இருப்பேளா?"

வன்னியராஜின் முகம் சுருங்கிவிட்டது. மாதம் தவறாமல் தேதிக்கு முன்னால் வரி கட்டுகிற மனுஷன் அவர். சாலை பஜாரில் அதற்காக அவரைக் கேலி செய்கிறவர்களே உண்டு.

"விளையாட்டுக்குச் சொல்லுதீயளோ, நெசமாச் சொல்லுதீயளோ, எனக்குத் தெரியல" என்றார் மெதுவாக. "கூடுதலா மாவு அரைச்சு வைக்கது களவு இல்லம்மா. சரி விடுங்க. இந்த ஓணப் போட்டி ஒத்துக்கிட்டாச்சு, ஆடிருவோம். அதோட வேற ஜோடி பாத்துக்கிடுங்க."

அன்று வாலாம்பாளை வீட்டுக்கு ஆட்டோவில் கூட்டிப் போனது நான்தான். கரமனைப் பாலம் வரும்வரை ஆட்டோ மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அவர் போயிட்டா நான் சீட்டையே தொடமாட்டேன், சேஷா" என்றாள். மன்னிப்புக் கேளேன் என்றேன். எப்படிக் கேட்பது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பிப் பழகியவள். மன்னிப்புக்கு அந்த ஆபீசில் ஃபாரம் இருந்ததில்லை. எனக்கு அவள் மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

போட்டி நாள் வந்தது. வழக்கம்போல் கடைசி மேஜையில் அவர்கள் இருவரும், நானும் ஷைலஜாவும். வாலாம்பாள் சீட்டை எடுத்தாள், இரண்டு குலுக்குக் குலுக்கினாள், போட்டுவிட்டாள். ஒரு வார்த்தை இல்லை. ஷைலஜா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். வரி இல்லை, பட்ஜெட் இல்லை, விழிஞ்ஞம் இல்லை. சாவு வீட்டில் ஆடுவது மாதிரி ஆடினோம். அப்படியும் அவர்கள்தான் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா?

கடைசிக் கை. சாதாரணமாக ஒரு நாலு கேட்டுப் பிடித்தால் போதும், உருளி அவர்களுக்கு. முதல் ஏலம் வன்னியராஜுடையது. அவர் தன் சீட்டை வெகு நேரம் பார்த்தார். தொண்டையைக் கனைக்கப் போய், சட்டம் நினைவு வந்து, விழுங்கிக்கொண்டார்.

"ரெண்டு ஹார்ட்ஸ்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கிளப் வழக்கத்தில் இரண்டில் தொடங்குவது என்றால் கையில் பெரும் படை இருக்கிறது என்று அர்த்தம். வன்னியராஜ் இத்தனை வருஷத்தில் இரண்டில் தொடங்கி நான் கேட்டதே இல்லை. எப்பேர்ப்பட்ட கைக்கும் அவருக்கு ஒன்றுதான். நான் பாஸ் சொன்னேன்.

வாலாம்பாளின் கண் அவர் விரல்களுக்குப் போயிற்று. சோதனைச் சாவடியில் டயரைப் பார்த்த அதே பார்வை. அவள் மனசுக்குள் கூட்டல் ஓடுவது எனக்குக் கேட்காத குறைதான். ஒன்று என்று சொல்லும்போதே ஒரு ஏஸ் ஒளித்து வைக்கிற மனுஷன். இரண்டு என்று சொன்னால் உள்ளே என்னதான் இருக்காது? அவள் கையிலும் நாலு ஹார்ட்ஸ், நல்ல பலம். நடுவில் மூன்று, நாலு, ஐந்து, ஆறு என்று எவ்வளவு இடம் இருந்தது! ஒன்றிலும் நிற்கவில்லை அவள்.

"ஏழு ஹார்ட்ஸ்!"

ஏழு என்றால் பதிமூன்று பிடியும் எங்களுக்கே, எதிராளிக்கு ஒன்றுகூடக் கிடையாது என்று சவால். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். ஷைலஜா பாஸ். வன்னியராஜின் நெற்றியில் வியர்வை. வழக்கம்போல் பாதியை வெட்டலாம் என்றால், கேட்ட ஏலத்தை இறக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஈன ஸ்வரத்தில் "பாஸ்" என்றார்.

என் கையில் கிளாவர் ஏஸ் இருந்தது. "டபுள்" என்றேன்; தோற்றால் அவர்களுக்கு அடி இரண்டு மடங்கு. என் குரல் எனக்கே பாட்டு மாதிரி கேட்டது.

முதல் சீட்டு நான் போட வேண்டும். கிளாவர் ஏஸைப் போட்டேன். ஹார்ட்ஸை முதலில் கேட்ட வன்னியராஜ்தான் ஆட வேண்டும்; ஜோடியான வாலாம்பாள் தன் சீட்டை முறைப்படி மேஜையில் பரப்பினாள். அதில் இரண்டு சின்ன கிளாவர் இருந்தன. வன்னியராஜிடமும் ஒரு கிளாவர் இருந்தது. துருப்பால் வெட்ட வழியில்லை. அவ்வளவுதான், ஆட்டம் தொடங்கிய அடுத்த மூச்சில் ஏழும் போச்சு, உருளியும் போச்சு. மீதிப் பன்னிரண்டு பிடியையும் அவர் வரிசையாகப் பிடித்துக் கீழே வைத்தார்.

"வன்னியராஜ், அந்த கிளாவர் ஏஸ்?" என்றாள் வாலாம்பாள்.

"சேஷன் சார்ட்டல்லா இருந்துச்சு."

"அது தெரியறது. எப்பவும் ஒண்ணு கூடுதலா ஒளிச்சு வெச்சிருப்பேளே, அது எங்கே?"

"இன்னைக்கு ஒளிக்கலம்மா." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இருந்தத அப்படியே காட்டிட்டேன். கணக்க மறைக்கவன்னு சொன்னீயள்லா. போறதுக்கு முன்னால ஒரு தடவையாவது முழுசாக் காட்டிட்டுப் போவோம்னு நெனச்சேன்."

வாலாம்பாள் அவரையே பார்த்தாள். அவள் உதடு கோணிற்று. அழப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். சிரிப்பு எங்கேயோ அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு வந்து, அவள் நாற்காலியோடு குலுங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வன்னியராஜ் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவருக்கும் பிடித்துக்கொண்டது. ஷைலஜா "எந்தா இது, எந்தா இது" என்று கேட்டுக்கொண்டே தானும் சிரித்தாள். ஜெயித்த நான்தான் உம்மென்று உட்கார்ந்திருந்தேன், அதுவும் கொஞ்ச நேரந்தான்.

வாலாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ரெண்டு கையையும் மேஜை மேல் வைத்தாள்.

"தப்பு என் பேர்ல. உங்க ஹோட்டலைச் சொன்னது மகா தப்பு. சர்வீஸ் பூரா மறைக்காதேள், மறைக்காதேள்னு ஊரையே வெரட்டினவ கேக்கறேன், வன்னியராஜ். தயவு பண்ணி பழையபடி மறைச்சு வையுங்கோ. நான் சேர்த்துக்கறேன்."

கிளப்பே கையைத் தட்டியது. வன்னியராஜ் மேஜையில் சிதறிக் கிடந்த சீட்டையெல்லாம் கூட்டி, அடுக்கி, தட்டி, அவள் பக்கம் தள்ளினார்.

"குலுக்குங்கம்மா. அந்த இட்லி வரிக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லல."

நானும் ஷைலஜாவும் முதல்முறையாக ஜெயித்த உருளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். வாலாம்பாள் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.