பௌர்ணமியன்று வைத்த நேர்காணல்

திரையில் அக்காவின் முகம் பாதிக் கண் மூடியபடி உறைந்து நின்றது. அவர் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் ஏழாவது வரியில் நின்றிருந்தது. நாற்பது விநாடி கடந்தும் ஓர் எழுத்துகூடச் சேரவில்லை.

அக்கா என்று நான் கூப்பிடுவது என் பழைய டீம் லீடரை. சென்னையில் ஆறு ஆண்டுகள் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். அவர் திருவண்ணாமலை, நான் கீழ்பென்னாத்தூர். "நம்மூருப் புள்ளதான். ஆனா புரோகிராம் தப்பா எழுதுனா நம்மூருன்னு பாக்க மாட்டேன்" என்பார். பார்க்கவும் மாட்டார்.

ஆட்குறைப்பில் அவருக்கு வேலை போனது. ஊருக்குத் திரும்பி எட்டு மாதமானபோது, நான் இப்போது இருக்கும் நிறுவனத்தில் மேனேஜர் பதவிக்கு விண்ணப்பித்தார். மேனேஜராக வருபவரும் முக்கால் மணி நேரத்துக்குள், எங்கள் கண்முன் புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும் என்பது இங்கே விதி. தேர்வாளர்கள் இருவரில் நான் ஒருவன். விண்ணப்பதாரரை முன்பே தெரியுமா என்ற கேள்விக்குத் 'தெரியாது' என்று குறித்தேன். தெரியும் என்றால் என்னை நீக்கிவிடுவார்கள். நான் இருப்பது அவருக்கு நல்லது என்று நினைத்தேன். தெரிந்தவராகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று அவரிடமும் போனில் சொல்லிவைத்தேன்.

நேர்காணலுக்குத் தேதி குறித்த அலுவலர் வெளிமாநிலத்துக்காரர். அது பௌர்ணமி என்பதை நான் அன்றே கவனித்தேன். கிரிவலக் கூட்டம் இறங்கிவிட்டால் மதியத்துக்கு மேல் ஊரில் நெட் நகராது. வேலை தேடுகிறவர் தேதியை மாற்றக் கேட்கத் தயங்குவார், நான் கேட்டிருக்கலாம். அவர் ஊர் நிலவரம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன்.

உறைந்த முகம் திடீரென்று அசைந்தது. அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் அவசரத்தில் தமிழுக்கு மாறினார்.

"தம்பி, கேக்குதா? நெட்டு சுத்தமா வரல. ஊர் பூரா ஜனம். வேற நாள் போடச் சொல்றியா?"

மறுபடியும் உறைந்தார். தமிழ் தெரியாத சக தேர்வாளர், என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். உண்மையைச் சொன்னால் 'தம்பி'யையும் விளக்க வேண்டியிருக்கும். "கேள்வி புரியவில்லையாம், திரும்பச் சொல்லச் சொல்கிறார்" என்றேன். சக தேர்வாளர் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். முடிவில் நாங்கள் இருவரும் எழுதியது ஒன்றுதான்: சிந்தனை வேகம் போதாது.

அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது அக்காவைப் பார்த்தேன். ரமணாசிரமம் பக்கத்துக் கடையொன்றில் காபி வாங்கிக் கொடுத்தார்.

"நீ இருந்ததால பயம் கம்மியா இருந்துச்சுப்பா. எங்க கோட்டை விட்டேன்னு மட்டும் சொல்லு, சரி பண்ணிக்கிறேன். அன்னிக்கு நெட்டு வேற படுத்துச்சு. நான் சொன்னது கேட்டுச்சா இல்லையா?"

"கேக்கலக்கா" என்றேன். "கொஞ்சம் வேகம் பத்தலைன்னு சொன்னாங்க."

"வயசாயிடுச்சு போல" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கடிகாரம் வைத்துப் பயிற்சி செய்கிறார். எழுதி முடித்ததை எனக்கு அனுப்புகிறார். இன்று வந்ததன் கீழே, "முப்பத்தொரு நிமிஷம். இப்பவாவது வேகம் போதுமா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். என்னிடம் வேலை பார்க்கும் யாரும் அதை அந்த நேரத்தில் முடிக்க மாட்டார்கள். நானும்தான்.