ஒரே ரிமோட்டில் இரண்டு பேர்

மழைக்காலத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் இருந்த எங்கள் ஓர் அறைக் காம்பராவில் எதுவும் முழுதாகக் காய்ந்ததில்லை. கண்டிக்குப் பக்கத்து ஹந்தானை மலையில் இறங்கும் பனி கூரைத் தகரத்தின் இடுக்குகளால் உள்ளே வந்து, துணி, தலையணை, பள்ளிக்கூடக் கொப்பி எல்லாவற்றிலும் ஒரு புளித்த ஈர வாசனையை விட்டுவிட்டுப் போகும். அந்த வாசனைக்கு நடுவே, மாமா கொண்டுவந்து தந்த கேம் பெட்டியை டீவியில் மாட்டிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால், அதன் பின்பக்கத்திலிருந்து சூடான பிளாஸ்டிக் மணத்தோடு வெதுவெதுப்பான காற்று வரும். என் தம்பி தினேஷ் அந்தக் காற்றில் இரண்டு கைகளையும் காட்டிச் சூடேற்றிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் விளையாடும் பிடியைக் கையில் எடுப்பான். அதற்கு வேறு பெயர் இருப்பது எங்களுக்குத் தெரியாது. டீவியோடு சம்பந்தப்பட்டது என்பதால் லயத்துப் பிள்ளைகள் எல்லோருமே அதை 'ரிமோட்டு' என்றுதான் சொன்னோம்.

தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன். நடக்கப் பழகிய காலம் முதலே அடிக்கடி விழுவான். விழுந்தால் மற்றப் பிள்ளைகளைப் போல எழும்பமாட்டான்; தரையில் கைகளை ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, பிறகு தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே தான் ஏறுகிறவனைப் போல மெல்ல நிமிர்வான். ஆனால் அவனுடைய கெண்டைக்கால்கள் இரண்டும் நன்றாகத் திரண்டு பருத்திருந்தன. பக்கத்துக் காம்பராப் பெரியவர்கள் அதைத் தட்டிப் பார்த்து, "இது பந்தடிக்கிற காலு, பெரிய ஆட்டக்காரனா வருவான் பாரு" என்று சொல்வார்கள். அந்தப் பருமன்தான் நோயின் அடையாளம் என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. பத்து வயதில் அவன் வாசல் இஸ்தோப்புப் படியில் ஏற முடியாமல் நின்றான். அடுத்த மழைக்காலத்துக்குள் நடையே நின்றுவிட்டது.

அந்த நேரத்தில்தான் அம்மாவின் அண்ணன், வெளிநாட்டில் ஹோட்டல் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர், கேம் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் சொந்தப் பிள்ளைகளுக்குக்கூட அப்படியொன்றை அவர் வாங்கிக் கொடுத்ததில்லை. உள்ளே ஒரே ஒரு பந்தாட்ட கேம் இருந்தது. நிற்க முடியாத என் தம்பி, பச்சைத் திடலில் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினான். பின்னேரங்களில் லயத்துப் பையன்கள் எங்கள் காம்பராவில் நிறைந்துவிடுவார்கள். எல்லோரும் அவனிடம் தோற்றார்கள். அவர்கள் தோற்றுவிட்டு வெளியே போய் உண்மையான பந்தை உதைப்பார்கள். அவன் ஜன்னல் வழியாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்கு ஆட்களைத் தேர்ந்துகொண்டிருப்பான்.

பிறகு அவன் தோற்கத் தொடங்கினான். தோள்களுக்குப் பலம் போய்விட்டது. ரிமோட்டைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. மடியில் தலையணையை வைத்து அதன் மேல் வைத்து விளையாடினான். பின்பக்கத்துப் பொத்தான்களுக்கு விரல் எட்டவில்லை. அந்தப் பொத்தானை அழுத்தினால்தான் ஆட்டக்காரன் வேகமாக ஓடுவான். கடைசிக் காம்பராவில் இருந்த யோகன் என்ற பையன், ஒரு நாள், கோல் வாசலில் யாருமே இல்லாத நேரத்தில் பந்தை வெளியே அடித்தான்.

"ஏன்டா அடிக்கல?" என்று தம்பி கேட்டான்.

"மிஸ்ஸாயிருச்சு."

"மிஸ்ஸாகல. நீ வேணும்னுதான் விட்ட."

யோகன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் நல்ல பையன், இரக்கப்பட்டுத்தான் விட்டான். தம்பிக்கு அதுதான் பொறுக்கவில்லை. அடுத்த நாள் பையன்கள் வந்தபோது, கதவைச் சாத்தச் சொல்லி என்னிடம் சைகை காட்டினான். அதன் பிறகு யாரையும் அவன் கூப்பிடவில்லை.

மிஞ்சியது நான் மட்டும்தான். எனக்குப் பந்தாட்டத்தில் ஒரு சுவையும் இல்லை. ஆனால் தனக்கு எதிராக ஆட அவன் என்னைக் கேட்கவில்லை. "அக்கா, பின்னால உள்ளத மட்டும் நீ அமுக்கு. நான் சொல்றப்ப அமுக்கினா போதும்" என்றான். அவனுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவனை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, இரண்டு பக்கத்தாலும் கையை விட்டு நான் பொத்தானை அழுத்தினேன். அவன் சொன்ன பிறகு அழுத்தினால் பிந்திவிடும் என்பதைச் சில நாளில் கண்டுகொண்டேன். அவன் மூச்சை இழுப்பதை வைத்தே, இப்போது ஓடப்போகிறான் என்று தெரிந்துகொள்ளப் பழகினேன். போகப் போக வலது பக்கம் முழுவதும் என் கைக்கு வந்தது. இடது பெருவிரலால் திசையைத் திருப்பும் வேலை மட்டும் அவனுக்கு. ஆட்டம் எங்கே போகவேண்டும் என்பது கடைசிவரை அவன் முடிவுதான். அப்படி இரண்டு பேரும் ஒரே ஆளாக விளையாடியதில், அவன் தனியாக ஆடியபோது எட்டாத கிண்ணம் ஒன்றையும் வென்றோம். அவன் சிரித்தபோது அவன் முதுகெலும்பு என் நெஞ்சில் குத்தியது. அந்த அளவுக்கு மெலிந்திருந்தான்.

இந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு மாதம் ஒரு முறை போய்வந்தோம். அப்பா தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, டவுனில் மொத்தக்கடைகளுக்கு மூட்டை தூக்கும் 'நாட்டாமை'யாக இருந்தார். மூட்டை சுமக்கிற அதே முதுகில் தம்பியை ஏற்றிக்கொண்டு, லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் செங்குத்துப் பாதையில் வெறுங்காலோடு இறங்குவார். டாக்டர் சிங்களத்தில் விளக்கியது அப்பாவுக்குப் பாதிதான் விளங்கியது. அருகில் நின்ற யாழ்ப்பாணத்துத் தாதி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, இது தாய் வழியா வாற வருத்தம். ஆம்பிளைப் பிள்ளையளைத்தான் பிடிக்கும். ஒருத்தர்ர பிழையும் இல்லை."

கடைசியாகச் சொன்னதை அப்பா கேட்டாரோ என்னவோ. திரும்பி வரும் பஸ்ஸில் அவர் அம்மாவின் பக்கம் பார்க்கவே இல்லை. வீட்டில் அத்தை, அப்பாவின் அக்கா, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப அது ஒங்க வீட்டு ரத்தம்" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், ஊதுவதை நிறுத்தவில்லை.

ஆனால் அப்பாவுக்கு ரத்தத்தைப் பிடித்து உலுக்க முடியாது. கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. தம்பியின் கைகள் சோர்ந்துகொண்டே போனதையும், அந்தக் கைகள் எப்போதும் ரிமோட்டின் மேலேயே கிடந்ததையும் சேர்த்துப் பார்த்தார். "இந்தச் சனியன அமுக்கி அமுக்கித்தான் கையும் போகுது. காலு போனது பத்தலையா?" என்று சொல்லி, ஒரு காலை வேலைக்குப் போகும்போது கேம் பெட்டியை வயர்களோடு உரச்சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். டவுனில் யாருக்குக் கொடுத்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. தம்பி அழவில்லை. "அப்பா, வேணாம்பா" என்று மட்டும் சொன்னான். அன்று முதல், தன்னைத் திருப்பிப் போடச் சொல்லி, சுவர்ப் பக்கமாகவே படுத்துக் கிடந்தான். நான் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வான், சோறு ஊட்டினால் விழுங்குவான், அவ்வளவுதான். கைகள் ஓய்ந்திருந்தன. ஓய்ந்திருந்தும், தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடிந்த கை அந்த மாதத்தில் பிடிக்க முடியாத கையாக ஆனது.

அம்மா குரல் உயர்த்திப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. ஒரு நாள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்து வந்தவள், தலையிலிருந்த சாக்கைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கதிரையில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒரு தம்பி இருந்தான்" என்றாள் அம்மா.

அப்பா நிமிர்ந்தார். அம்மாவுக்கு ஓர் அண்ணன் இருப்பதுதான் எங்களுக்குத் தெரியும்.

"என்னக் கட்டுறப்ப ஒங்க வீட்ல யாருக்கும் சொல்லல. சொன்னா கட்டமாட்டிங்கன்னு எங்கப்பா சொல்லவேணாம்னுட்டாரு. அவனுக்கும் இதேமாரித்தான் காலு பெருத்துச்சு. பேய் அறஞ்சிருச்சின்னாங்க, கயிறு கட்டுனாங்க. காலும் போயி கையும் போயி, இப்பிடித்தான் செவத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தான். அவன் எந்தக் கேம அமுக்குனான்? எங்க காம்பராவுல அப்ப லைட்டுகூட இல்ல. அவன் கையும்தான போச்சு."

அப்பா காலைத் தேய்ப்பதை விட்டார்.

"செவத்தப் பாத்தே செத்தான். அத எங்கண்ணன் கூடவே இருந்து பாத்துச்சு. அதனாலதான் இவனுக்கு அத வாங்கியாந்து குடுத்துச்சு. நீங்க தூக்கிட்டுப் போனிங்க."

இவ்வளவையும் அம்மா அழாமல் சொன்னாள். பிறகு சாக்கைக் கழற்றி வெளியே உதறிவிட்டு, விறகை முறிக்கத் தொடங்கினாள். தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். அவனுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ வயது. தனக்கு முன்னால் இதே வழியில் போன ஒருவர் இருந்தார் என்பதும், அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதும் அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. "அந்த மாமா பேரு என்னம்மா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான். அம்மா பெயரைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்து, அப்பா வேலையிலிருந்து வந்து, சேர்ட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கைக் கேமை எடுத்துத் தம்பியின் தலைமாட்டில் வைத்தார். யாரோ பாவித்துப் பழசானது, திரையின் மூலையில் கீறல் இருந்தது. "இது லேசாத்தான் இருக்கு. கைக்கு நோகாது" என்றார்.   அன்று அவருக்குத் தேநீரை அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்தக் கைக் கேமோடு தம்பி வீட்டைவிட்டு வெளியே வந்தான். அதுவரை கிளினிக்குக்குப் போகும்போது, பஸ்ஸில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்று என் தாவணிக்குள் முகத்தை மறைத்துக்கொள்வான். இப்போது ஆட்டோவிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியில் உட்காரும் வாங்கிலும் எங்கள் இரண்டு பேரின் தலையும் அந்தச் சின்னத் திரைக்கு மேல் குனிந்திருக்கும். ஒருமுறை மாமா கடுகண்ணாவையிலிருந்த தன் வீட்டுக்கு எங்களை ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பாதையின் மலையும் பள்ளமும் பார்க்கப் பெட்டியிலிருந்த எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். நாங்கள் கார் ஓட்டிக்கொண்டிருந்தோம். "வெளியதான் பாருங்களேன் பிள்ளைங்களா" என்று மாமா சொன்னார். "பாத்தா இடிச்சிரும் மாமா" என்றான் தம்பி.

நான் உயர்தர வகுப்பு படிக்க டவுனுக்குப் போகத் தொடங்கியதும், பின்னேரங்களில் அவனுக்குக் கையாக இருந்தவர் அப்பாதான். மூட்டைக் கொக்கி பிடித்துக் காய்ப்பேறிய அந்த விரல்களால் ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு பொத்தான் அமுங்கும். "அப்பா, வட்டத்த அமுக்குங்கப்பா. வட்டம். நீங்க கட்டத்த அமுக்குறிங்க" என்று தம்பி அதட்டுவான். "இருடா, எல்லாம் ஒன்னாத்தான் தெரியுது" என்பார் அப்பா. அவனுடைய பெருவிரலைத் தானே எடுத்துத் திசைப் பொத்தானில் வைத்து, அது வழுக்காதபடி தன் விரலால் அணைத்துப் பிடித்துக்கொள்வார். கடைசிக் காலத்தில் அந்த ஒரு விரல்தான் அசைந்தது.

பதினேழாவது வயதில், மார்ச்சளி கட்டி மூன்று நாள் மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் ஒரு காலை வேளையில் தம்பி இறந்தான். அன்றும் மழைதான். லயத்துக்குப் போகும் பாதையில் வாகனம் ஏறாது. சவப்பெட்டியைத் தூக்கப் பையன்கள் வந்து நின்றார்கள்; யோகனும் வந்திருந்தான். அப்பா யாரையும் முன்பக்கம் தொடவிடவில்லை. கைக் கேமை என்ன செய்வது என்று அத்தை கேட்டபோது, அம்மா அதை வாங்கி அவன் கைக்குள் வைத்தாள். "மத்தவனுக்குத்தான் ஒன்னும் குடுத்து விடல" என்றாள். தன் தம்பியைத்தான் சொன்னாள்.

இப்போது நான் கண்டியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் லயத்தில் பாதிக் காம்பராக்கள் பூட்டிக் கிடக்கின்றன. தம்பியோடு விளையாடிய பையன்களில் ஒருவர்கூட ஊரில் இல்லை. சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் தனித்தனியாக விளையாடுகிறார்கள். ஒரே டீவியின் முன்னால் முட்டிமோதி உட்காரும் கூட்டம் எந்தக் காம்பராவிலும் இல்லை.

போன வருடம் என் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தார்கள். அந்த நோயின் வித்து என்னிடமும் இருக்கிறது. என்னை ஒன்றும் செய்யாது. எனக்குப் பிறக்கிற ஆண் பிள்ளைக்கு வரலாம். கெலிஓயாவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் இதைச் சொல்லவேண்டும் என்று அப்பாதான் பிடிவாதமாக நின்றார். "மறச்சுக் கட்டுனது ஒருக்கா போதும்" என்றார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். வந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள், தேநீரைக் குடித்து முடித்தார்கள், போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். ஒன்றும் சொல்லியனுப்பவில்லை.

சில வாரங்கள் கழித்து, ஓர் இரவுச் சோற்றுக்கு அரிசி களையும்போது அம்மா சொன்னாள்: "விடு புள்ள. இது ஒன்னோட நின்னுரட்டும்."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், எனக்குக் கல்யாணமும் பிள்ளையும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே விளங்கியது போலும். களைந்த அரிசியை மறுபடியும் களையத் தொடங்கினாள்.