விரிசல் அவர் கண்ணில் பட்டது

"அண்ணே, அவரு போயிட்டாரு. டீ குடிச்சிட்டுப் படுத்தவரு எழுந்திருக்கவே இல்ல." லூர்துசாமியின் மனைவி ஸ்டெல்லா போனில் சொன்னபோது நான் விருத்தாசலம் ஜங்ஷனில் சென்னை ரயிலில் ஏறியிருந்தேன். இறங்கிவிட்டேன்.

செராமிக் கம்பெனிகளில் இயந்திரம் பழுது பார்த்தவராகத்தான் இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். என் மாமனார் விட்டுப்போன பழைய பந்தயக் காரை ஓட வைத்தவரும் அவர்தான். சீட் பெல்ட் கிடையாது, கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி கிடையாது. நாலு முறை அழுத்திப் பிடித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். "இது நம்மளவிட வயசான வண்டிங்க. முடியலன்னு அது சொன்னா கேட்டுக்கணும்" என்பார்.

நான் அதை ஓட்டிய ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் சக்கர அச்சுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊற வைப்பார். துடைத்துவிட்டு, இங்கே பீங்கான் செய்கிற வெள்ளை மண்ணைப் பொடியாகத் தூவுவார். இரும்பில் விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து பொடியில் கோடாகத் தெரியும்.

நான் கடைசியாக ஓட்டிய ஞாயிற்றுக்கிழமை, சென்னைக்கு வெளியே பந்தயத் திடலில், இடப்பக்க முன் அச்சில் கோடு தெரிந்தது. மயிரிழை அளவு.

"இன்னிக்கு ஓட்டாதீங்க சார்."

"கீறலா இருக்கும் லூர்து. வேற அச்சுக்கு எங்க போறது?"

"கெடைக்காதுதாங்க. அதுக்காக ஓட்ட முடியுமா? வளைவுல மொத்த பாரமும் அதுமேலதான் வுழும்."

என் கைக்குட்டையால் பொடியைத் துடைத்தேன். "மாட்டுங்க" என்றேன். மாட்டினார்.

மூன்றாவது சுற்றில், வலப்பக்க வளைவில் அச்சு முறிந்தது. கார் புல்லில் சறுக்கி நின்றது, எனக்குக் காயமில்லை. கழன்ற சக்கரம் வேலியைத் தாண்டி, கொடி காட்டிக்கொண்டிருந்தவரின் முதுகில் மோதியது. அதன் பிறகு அவர் நடக்கவில்லை.

"அச்சை சோதிச்சீங்களா?" என்று விசாரிக்க வந்தவர்கள் லூர்துசாமியைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பாத்தேங்க. விரிசல் என் கண்ணுல படல."

ஊர் திரும்பும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் சார். சொல்லல" என்றார். பிறகு அவரை நம்பி யாரும் பந்தய வண்டியைக் கொடுக்கவில்லை. நானும் ஓட்டுவதில்லை. ஆனால் பஸ்ஸில் போகும்போதுகூட, வளைவு வந்தால் எனக்கு முன்னால் ஒரு சக்கரம் தனியாக ஓடுகிறது.

கல்லறையில் மண் போட்டு முடித்ததும் ஸ்டெல்லா என்னிடம் வந்தார். "அவரு கண்ணுக்கு அது தப்பியிருக்குமாண்ணே? பருப்புல கெடக்கற கல்லக்கூட வுட மாட்டாரே." மறுபடியும் தரையைத்தான் பார்த்தேன்.

தப்பவில்லை, ஸ்டெல்லா. அவர் பார்த்தார், என்னிடம் சொன்னார், நான் துடைத்தேன். கொடி காட்டியவருக்கும் இதை இன்று எழுதி அனுப்பிவிட்டேன். லூர்துசாமியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய் மட்டும்தான். இதுவரை அதை நம்பியவர்கள் இனி நம்ப வேண்டாம்.