பதினெட்டுப் பொட்டலம் கழிமுகம்

காலை 6.10, காக்கிநாடா. விடுதி அறையின் கதவைத் தாழிட்டு, திரையை இழுத்து மூடி, கட்டில்மேல் ஒரு குளிர்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது எட்டிப் பார்த்திருந்தால் போலீசுக்குச் சொல்லியிருப்பார்கள். சொல்லியிருந்தால் நல்லதாகவும் போயிருக்கும்.

என் மனைவி கல்யாணிக்கு ஹைதராபாத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை. எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு முந்நூறு கிலோமீட்டர் போகவேண்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தை ஆராய்வது அவள் தொழில். கோதாவரி கடலைச் சேரும் இடத்தில், பதினெட்டு இடங்களில் படகை நிறுத்தி நீர் எடுத்திருந்தாள். அதைப் பத்து ரூபாய் நாணயம் அளவுள்ள வெள்ளைக் கண்ணாடியிழைத் தாளில் வடிகட்ட வேண்டும். நீர் போய்விடும், தாளில் தங்குவதுதான் அவளுக்கு வேண்டியது. கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள், அலையாத்திக் காட்டு இலைகளின் மக்கல், ஆறு சுமந்து வந்த வண்டல். இதில் உயிருள்ளது எவ்வளவு, மக்கல் எவ்வளவு என்று தெரிந்தால், அங்கே மீன்குஞ்சுகளுக்குச் சாப்பாடு இருக்கிறதா என்பது தெரியுமாம். தாளை மடித்து அலுமினியத் தகட்டில் சுற்றி, மேலே ஒரு லேபிள் ஒட்டி, அதன்மேல் எழுதி, சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு மூட வேண்டும். வெளிச்சமோ சூடோ பட்டால் பச்சையம் சிதைந்துவிடும்.

நான் வேடிக்கை பார்க்கப் போனவன். விடுதி ஃப்ரீசர் முந்தின நாள் மின்தடையில் உயிரை விட்டதால் கூரியர் ஆனேன். கல்யாணிக்கு இன்னும் இரண்டு நாள் படகு வேலை பாக்கி. விடிவதற்குள் கிளம்பும்போது சொன்னாள்: “இது வெள்ளத் தண்ணி. இது போச்சுன்னா அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் நான் காத்திருக்கணும். பெட்டியைத் தொறக்காதீங்க. ஐஸ் வேணும்னா ரெட்டைக் கவர்ல கட்டிப் போடுங்க. பூஜ்யத்துக்கு மேல ஏறினா போன் பண்ணுங்க.”

மூன்று கட்டளைகள். முதலாவதை 6.10க்கே மீறினேன்.

காரணம் இருக்கிறது. ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கத்துப் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில், ஸ்டோர்ஸ் பிரிவில் இருபத்தேழு வருடம் குப்பை கொட்டியவன் நான். எங்கள் கோப்புகளில் பென்சிலில் எழுதியது எதற்கும் மதிப்பில்லை. அது வரைவு, மையில் ஏறினால்தான் செல்லுபடி. கல்யாணியோ பதினெட்டு லேபிளையும் பென்சிலில் எழுதியிருந்தாள். அவசரத்தில் எழுதியிருக்கிறாள், பாவம் என்று நினைத்தேன். ஒவ்வோர் உறையாகத் திறந்து, பென்சிலை ரப்பரால் அழித்து, என் சட்டைப்பையை விட்டு அகலாத நீல ஜெல் பேனாவால் முத்துமுத்தாக எழுதினேன். இடம் 1, மேல்மட்டம், கடல் ஓதம் ஏறுமுகம். இடம் 2, மேல்மட்டம். எழுதி முடித்ததும் கையெழுத்தும் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

காலை 8.40, சாமல்கோட். காக்கிநாடாவிலிருந்து 15 கிலோமீட்டர், ஆட்டோ ரூ. 400. ஒன்பது மணி ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் வருந்தியது. பெட்டியின் வெப்பமானி மைனஸ் ஆறில் புறப்பட்டு மைனஸ் ஒன்றுக்கு வந்திருந்தது. நடைமேடையில் நிழல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பெட்டியை நகர்த்தினேன். கடைசியில் வாசலில் ஒரு ஜூஸ் கடைக்காரரிடம் நாற்பது ரூபாய்க்கு ஐஸ் வாங்கினேன். ரெட்டைக் கவர் கேட்டேன். அவரிடம் ஒற்றைக் கவர்கூட இல்லை. அப்படியே மேலே கொட்டி மூடினேன்.

காலை 11.15, கோதாவரிப் பாலம். ஆறு செம்பழுப்பாகக் கரை தொட்டு ஓடியது. ஜன்னல் பக்கம் திரும்பி எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் வெப்பமானியைப் பார்த்தேன். பூஜ்யம்.

பக்கத்து இருக்கைக்காரர் எத்திராஜ், ஐம்பது வயதிருக்கும். வீடு எங்கள் ஹைதராபாத்தில்தான், அல்வாலில்; ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனி ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. கொள்ளுத்தாத்தா ரயில்வே வொர்க்‌ஷாப் வேலைக்கு ஆற்காட்டிலிருந்து வந்தவராம். நான் தமிழில் முனகியது காதில் விழுந்ததும் ஒட்டிக்கொண்டார். ஆகஸ்டில் கோதாவரிக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியோடு வருபவனைப் பார்த்தால் யாருக்கும் ஒரே சந்தேகம்தான்: வெள்ளத்தோடு ஆற்றில் ஏறிவரும், தங்க விலை விற்கும் மீன்.

“புலசா மீனா அண்ணே? கிலோ என்ன ரேட்டுக்கு விழுந்துச்சு?”

“மீன் இல்லைங்க. பாசி.”

“பாசியா?”

“கண்ணுக்குத் தெரியாத பாசி. கொஞ்சம் சேறும் இருக்கு.”

“பாசிக்கு ஏசி டிக்கெட்டா? நக்கோ அண்ணே. குடுக்க மனசில்லன்னா குடுக்க வேணாம், கைக்கு பொய் சொல்றீங்க?”

ஹைதராபாத் பேச்சில் ‘நக்கோ’ என்றால் வேண்டாம், ‘கைக்கு’ என்றால் எதற்கு. விளக்கியதும் அவர் முகம் மாறியது. “அப்ப டெம்பரேச்சர் மெயின்டெயின் பண்ணணுமே! எங்க யூனிட்ல ரெண்டு டிகிரி ஏறினா மொத்த பேட்ச்சும் குப்பைக்குத்தான்.” ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். கம்மம் வரும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எனக்கு வெப்பமானியை வாசித்துக்காட்டினார்.

பிற்பகல் 3.20. ஸ்கோர் சொல்லக் குனிந்தவர் நிமிராமலே கேட்டார்: “அண்ணே, பாசி நீலக் கலராவா இருக்கும்?”

பெட்டியின் மூலையிலிருந்து நீலமாக ஒரு கோடு அவர் செருப்பை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். ஐஸ் பாதி கரைந்திருந்தது. நான் திறந்த உறைகளில் ஒன்றைக்கூடச் சரியாக அழுத்தி மூடவில்லை. பொட்டலங்கள் நனைந்திருந்தன, தகட்டுச் சுற்று இறுக்கமாக இருந்ததால் உள்ளே நீர் போகவில்லை. ஆனால் லேபிள்கள் பதினெட்டும் ஒரே மாதிரி வெளிர்நீலம். கழிமுகம் முழுவதும் என் மடியில் இருந்தது. எது ஆறு, எது கடல் என்றுதான் தெரியவில்லை.

“பொண்டாட்டிக்கு போன் போடுங்க,” என்றார் எத்திராஜ். “போடாம இருந்தா இன்னும் மோசம். எனக்கு அனுபவம் உண்டு.”

போட்டேன். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே.’ அலையாத்திக் காட்டில் சிக்னல் கிடையாது. அவளுக்குத் தெரியாமலே மூன்று மணி நேரம் குற்றவாளியாகப் பயணம் செய்தேன். வாங்கிய சமோசா கையிலேயே ஆறிப்போனது.

மாலை 6.35, செகந்திராபாத். சாமல்கோட்டிலிருந்து ஏறக்குறைய 550 கிலோமீட்டர். எத்திராஜ் பெட்டியை ஆட்டோவரை தூக்கி வந்தார். ஆய்வகம் இருக்கும் தார்நாக்காவுக்கு ரூ. 150.

ஆய்வகத்தில் காத்திருந்த ஸ்டெல்லா, கல்யாணியின் உதவியாளர். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். பொட்டலங்களைத் தட்டில் பரப்பி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பேனால எழுதினீங்களா சார்?”

“ஆமா.”

“பென்சில் தண்ணில அழியாது சார். அதுக்குத்தான் பென்சில்.”

இருபத்தேழு வருட அலுவலக அனுபவத்துக்கு அப்படி ஒரு பிரிவு உபசார விழா அதுவரை யாரும் நடத்தவில்லை.

ஸ்டெல்லா விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். கல்யாணி அழுத்தி எழுதுகிறவள். காகிதத்தில் நான் அழித்தது அழிந்துதான் போயிருந்தது. ஆனால் லேபிளை உரித்ததும் அடியிலிருந்த தகட்டில் பென்சில் பதித்த பள்ளம் நிழலாகத் தெரிந்தது. “ஏழு,” என்றார் ஸ்டெல்லா. நான் மூச்சு விட்டேன். “பதினொண்ணு. ரெண்டு.” ஒவ்வொன்றாகப் பதினைந்து பொட்டலங்களுக்குப் பெயர் திரும்பியது. மூன்றில் நான் ரப்பரை அவ்வளவு சிரத்தையாகத் தேய்த்திருந்தேன், தகடு வழவழவென்று இருந்தது. விட்டுப்போன எண்கள் 4, 9, 13. எது எதுவென்றுதான் தெரியவில்லை.

7.40க்கு, சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் கல்யாணியே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இதற்குள் ஸ்டெல்லா மங்கிய வெளிச்சத்தில் மூன்றையும் பிரித்திருந்தார். ஒரு தாள் பழுப்பு, ஒன்று பச்சை, ஒன்று ஏறக்குறைய வெள்ளை. எனக்கு உயிர் வந்தது.

“கல்யாணி, பார்த்தாலே தெரியுது! பழுப்பு ஆத்துப் பக்கம், அது நாலு. வெள்ளை கடல் பக்கம், பதிமூணு. நடுவுல பச்சை ஒன்பது. எழுதிக்கச் சொல்லட்டுமா?”

“எங்க பழுப்பு, எங்க பச்சைன்னு கண்டுபிடிக்கத்தானே நான் இங்க முழங்கால் சேத்துல நிக்கிறேன்? வெள்ளத்துல வண்டல் எதுவரைக்கும் போகும்னு எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?”

“இல்ல.”

“ஸ்டெல்லா, மூணும் காலின்னு எழுதிரு.”

“ஹவ் மேடம்,” என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டு ஸ்டெல்லா எழுதினார். நான் சொன்ன வரிசைதான் சரியாக இருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அதனாலேயே அதை எழுதக்கூடாது என்பதும் புரிகிறது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு செருவு. பதினைந்து வருடமாகக் கடக்கும் ஏரி அது. பச்சையாக, கரையோரம் நுரையாக இருக்கும். நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வேன், அவ்வளவுதான் எங்களுக்குள் உறவு. அன்று ஆட்டோவில் தலையை நீட்டிப் பார்த்தேன். அதிலும் பாதி உயிர், பாதி மக்கல். எது எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் அந்தப் பயணத்தில் நான் கற்ற ஒரே கடலியல்.

மறுபடி போன் அடித்தது.

“நாளன்னிக்கு ரெண்டாவது பெட்டி வருது,” என்றாள் கல்யாணி. “யார்கிட்ட குடுத்து அனுப்பறதுன்னு யோசிக்கிறேன்.”

“நான் வர்றேன்.”

அந்தப் பக்கம் தவளைகள் முந்திக்கொண்டு ஆட்சேபம் தெரிவித்தன.

“சரி, வாங்க,” என்றாள். “சட்டைப்பையைக் காலி பண்ணிட்டு வாங்க.”