ஸ்பேனரக்காவின் இரண்டு பம்புகள்

பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சவக்கிடங்குக்குப் போகிற வழியைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் சலவைக்கூடம். அங்கே ஆறு மெஷின்கள். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். இருபத்திரண்டு வருஷமாக ஒருத்தி அப்படி உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறாள், வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு. மேலங்கிப் பையில் எப்போதும் ஒரு பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்களுக்கு அவள் ஸ்பேனரக்கா.

அவள் அங்கே சேர்ந்தது துணி மடிக்கத்தான். ஒரு நாள் மெஷின் நின்றுபோய், மெக்கானிக் மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் அவளே பின்பலகையைக் கழற்றிவிட்டாள். மேற்பார்வையாளர் தாம்தூம் என்று குதித்தார். அவர் குதித்து முடிப்பதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. இதெல்லாம் உனக்கு எதற்கு என்று அன்றைக்கு அவர் கேட்டார். அந்தக் கேள்வியை அவளிடம் கேட்காதவர்கள் யார்? மெக்கானிக் பரீட்சைக்குப் படித்தபோது கேட்டார்கள். முதல் தடவை தோற்றபோது சந்தோஷமாகக் கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வேலை எதற்கு என்று கேட்டார்கள். காபி ஆறுகிறது, குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் வரவில்லை, அவளும் வழி பார்க்கவில்லை.

அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்தவர், நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் தங்கள் வீட்டில் எல்லாம் தங்கள் சொல்படி நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்களே, அந்த ரகம். அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும் இருந்தன. அலமாரியிலும் கீழ்த்தட்டில் அண்ணியின் போர்வைகள்.

பிறகு அந்தத் தொட்டி வந்தது. வேறு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு டாக்டரின் வீட்டுக்கு, அவருடைய வாஷிங் மெஷினைப் பார்க்கப் போயிருந்தாள். கூடத்தில் இருநூறு லிட்டர் கடல் தண்ணீரில் பாறைகள், பாறைகள் மேல் உயிருள்ள பவளங்கள். கல் தண்டுகளின் நுனியில் சதை விரல்களை விரித்துக்கொண்டு அவை அசைந்தன. ஸ்பேனரக்கா மெஷினை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுத் தொட்டி முன்னால் ஒரு மணி நேரம் நின்றாள். தூக்கிக்கொண்டு போக முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பம்பு மட்டும் எரிந்துவிட்டது என்றார் டாக்டர். தூக்கிக்கொண்டு போனாள். மூன்று பவளங்களும் பாறைகளும் மூன்று மாடி ஏறின.

பம்பு வாங்கத் தொட்டிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளுடைய எண்ணெய் படிந்த நகங்களைப் பார்த்தார்.

"மேடம், கடல் தண்ணித் தொட்டியெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது. அழகா நாலு தங்கமீன் வாங்கிட்டுப் போங்களேன்."

மறுபடியும் அதே கேள்வி, வேறு சட்டை போட்டுக்கொண்டு. அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. கோபத்தில் பொருள் வாங்கக் கூடாது என்பது தெரிந்தும், இருப்பதிலேயே பலமான பம்பு எது என்று கேட்டாள். அது கோபம் மட்டுமில்லை, தொழில் புத்தியும்தான். சலவைக்கூடத்தில் ஓங்கி அடித்தால்தான் அழுக்கு போகும். மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் தள்ளுகிற பம்பு ஒன்றைக் கடைக்காரர் மகிழ்ச்சியோடு எடுத்துக் கொடுத்தார்.

அதைத் தொட்டியின் இடது ஓரத்தில் மாட்டியதும் மணல் எழுந்து வலது ஓரத்தில் போய்க் குவிந்தது. பம்புக்கு எதிரே இருந்த பவளத்தின் சதை இரண்டு வாரத்தில் பிய்ந்து போயிற்று. பாறைக்குப் பின்னால் இருந்ததன் மேல் பழுப்பு வழவழப்பு படிந்தது. ஒன்று தண்ணீர் அடித்துச் செத்தது, இன்னொன்று தண்ணீர் வராமல் செத்தது. செத்த பவளத்தின் நாற்றம் எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள். அண்ணி இரண்டு நாள் பால்கனியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மூன்றாவது பவளம் மிச்சம் இருந்தது. அடியில் ஒரே கல்லாகச் சேர்ந்து, மேலே ஐந்து தண்டுகளாகப் பிரிந்தது. அதுவும் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு வாரமாக விரிக்கவில்லை.

அண்ணன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்க்கறேன். இதுவும் செத்துச்சுன்னா தொட்டி போயிடணும். அந்த இடத்துல உங்கண்ணி சாப்பாட்டு மேஜை போடணும்னு சொல்றா."

ஸ்பேனரக்கா எதையும் முகத்தில் காட்டவில்லை. சரி, செத்தால் போகட்டும் என்றாள். நாலு வாரம் இருந்தது.

அந்த வாரம்தான் சலவைக்கூடத்தில் நாலாம் நம்பர் மெஷின் படுத்தியது. உள்ளே போன படுக்கை விரிப்புகள் எல்லாம் முறுக்கிப் பின்னிக் கயிறாக வெளியே வந்தன. பிரித்துப் பார்த்தால் ஓரம் வெள்ளை வெளேர், நடுவில் போட்ட கறை போட்டபடி. நர்ஸுகள் வந்து சண்டை போட்டார்கள். ஸ்பேனரக்கா பின்பலகையைக் கழற்றினாள். மோட்டார் நன்றாக இருந்தது, பலம் குறையவே இல்லை. திசை மாற்றுகிற டைமரில் ஒரு முனை கருகியிருந்தது, அவ்வளவுதான். நல்ல மெஷின் பதினைந்து வினாடி இந்தப் பக்கம் சுற்றும், கொஞ்சம் நிற்கும், பிறகு பதினைந்து வினாடி அந்தப் பக்கம் சுற்றும். அப்போதுதான் துணி பிரியும், தண்ணீர் நடுவே போகும். இது ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

கருகிய முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்த விஷயம். வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் அவள் வாயாலேயே சொல்லிக்கொடுத்த விஷயம். வீட்டுக்குப் போனதும் மறந்துபோயிற்று. பவளத்துக்குக் கால் கிடையாது, தின்பதற்கு எழுந்து போக முடியாது, தன் கழிவைத் தானே விலக்கிக்கொள்ளவும் தெரியாது. எல்லாவற்றையும் தண்ணீர்தான் வந்து செய்துவிட்டுப் போக வேண்டும். அதுவும் ஒரே பக்கமிருந்து அறைந்தால் எப்படி?

வீட்டுக்கு வந்து பெரிய பம்பைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியில் போட்டாள். தொட்டியோடு டாக்டர் கொடுத்திருந்த சின்னக் காற்றுக் குழாயை மட்டும் விட்டுவைத்தாள். மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகளில் வெள்ளை நூல் துண்டுகளைக் கட்டி, மணலில் அங்கங்கே பன்னிரண்டு இடத்தில் நட்டாள். நூல் படபடவென்று அடித்துக்கொண்டால் அங்கே தண்ணீர் அதிகம். நூல் தூங்கினால் அங்கே தண்ணீர் செத்துக்கிடக்கிறது என்று அர்த்தம். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, தொட்டிக்குள் துணி காயப்போட்டிருக்கிறாளா என்று அண்ணியிடம் கேட்டார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கழித்துப்போட்ட மெஷின் ஒன்றிலிருந்து திசை மாற்றுகிற டைமரைக் கேட்டு வாங்கி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பொருத்தினாள். இடது ஓரம் ஒரு பம்பு, வலது ஓரம் ஒரு பம்பு என்பது திட்டம். இது பதினைந்து வினாடி ஓடி நிற்கும், பிறகு அது ஓடும். ஆனால் அப்படி ஓடுகிற பம்பு ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவைக்கு மேல் நின்று நின்று கிளம்ப வேண்டும். எந்தப் பம்பு அதைத் தாங்கும்?

கடைக்காரரிடம் அதையே கேட்டாள். அவர் சிரித்தார். அப்படியெல்லாம் யாரும் ஓட்டுவதில்லை, பம்பு என்றால் போட்டால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது என்றார். ஸ்பேனரக்கா ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு வாளி தண்ணீர் கேட்டாள், ஒரு சுவிட்சுப் பலகை கேட்டாள். கடையில் இருந்த நாலு சின்னப் பம்புகளையும் ஒவ்வொன்றாக வாளியில் இறக்கி, நூறு தடவை போட்டு நூறு தடவை அணைப்பதாகச் சொன்னாள். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததால் அவரால் துரத்தவும் முடியவில்லை.

முதல் பம்பு முப்பதாவது தடவை முனகிவிட்டுக் கிளம்பாமல் நின்றது. இரண்டாவது ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்தது. மூன்றாவது பளபளவென்று இருந்தது, கிளம்பவும் செய்தது, ஆனால் தண்ணீரை ஊசி மாதிரி ஒரே கோடாக அடித்தது. உள்ளங்கையை எதிரே வைத்துப் பார்த்தாள், ஒரே இடத்தில் குத்திற்று. நாலாவது அவலட்சணமான பிறவி. கறுப்பாக, உருண்டையாக, உள்ளே ஒரு சின்ன விசிறியோடு இருந்தது. மணிக்கு மூவாயிரம் லிட்டர்தான். ஆனால் நூறு தடவையும் மெதுவாகக் கிளம்பியது, தண்ணீரை அகலமாகத் தள்ளியது, கையில் பட்டபோது யாரோ லேசாக நகரச் சொன்ன மாதிரி இருந்தது.

"இதுல ரெண்டு கொடுங்க" என்றாள்.

"மேடம், இது நல்ல தண்ணி மீனுக்கு வாங்கறது. பவளம் வைக்கிறவங்க இதைத் தொடவே மாட்டாங்க."

"நான் தொடறேன்."

இரண்டையும் எதிரெதிரே மாட்டினாள், ஆனால் நேருக்கு நேராக இல்லை. கொஞ்சம் மேலே பார்த்து, முன்கண்ணாடியில் பட்டுத் தண்ணீர் திரும்புகிற மாதிரி வைத்தாள். நூல் தூங்கிய இடத்தில் பாறையை ஒரு விரல் நகர்த்தினாள். நூல் அடித்துக்கொண்ட இடத்தில் பம்பின் முகத்தைத் திருப்பினாள். மூன்று நாள், வேலை முடிந்து வந்து இதே வேலை. மூன்றாம் நாள் பன்னிரண்டு நூலும் இந்தப் பக்கம் சாய்ந்தன, நிமிர்ந்தன, அந்தப் பக்கம் சாய்ந்தன. அவள் சலவைக்கூடத்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. அந்த வாரமே ஒரு தண்டு வெறும் கல்லாயிற்று. பழைய பம்பு அடித்ததில் பட்ட காயம். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள், மிச்சம் மூன்றும் மூடியேதான் இருந்தன. அவளுக்குப் பயமாக இருந்தது. மெஷின் என்றால் கழற்றிப் பார்க்கலாம், இதை என்ன செய்வது? காத்திருப்பது அவளுக்குத் தெரியாத வேலை. கடைசி வெள்ளிக்கிழமை ஒரு தண்டின் நுனியில் நாலு விரல் எட்டிப் பார்த்தது. சனிக்கிழமை மூன்று தண்டும் விரிந்தன. தண்ணீர் இந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கமும், அந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கமும் அசைந்தன. அவள் அழுதாள். யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. தொட்டிக் கடைக்காரர் நின்றிருந்தார், பின்னால் சுமைக்காரர்கள் இரண்டு பேர், கையில் பெரிய வாளிகள். கீழே வேன் நின்றது. தொட்டியை எடுத்துக்கொண்டு போக அண்ணன் போன வாரமே சொல்லி வைத்திருக்கிறார். ஸ்பேனரக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"செத்தாதானே போகணும்னு சொன்னீங்க?"

அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ரெண்டு தண்டு போயிடுச்சே. மிச்சமும் போகத்தான் போகுது. ஏம்மா, தினமும் வந்து அது முன்னாலயே உக்காந்திருக்க. உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேண்டாமா?"

"இதுதான் அது."

கடைக்காரர் அதற்குள் தொட்டியின் அருகே போயிருந்தார். குனிந்து பார்த்தார். தண்ணீர் ஒரு பக்கம் நின்று மறுபக்கம் கிளம்புவதையும், மூன்று தண்டுகள் அதோடு திரும்புவதையும் கவனித்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் செத்த தண்டு அழுகினால் மற்றதையும் கெடுத்துவிடும், என் கடையில் என்றால் காப்பாற்றலாம் என்றார்.

ஸ்பேனரக்கா தன் பெட்டியைத் திறந்து ஒரு கட்டரை எடுத்துக் கழுவினாள். இரண்டு பம்பையும் நிறுத்தினாள். முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள். முதல் செத்த தண்டை அடியோடு பிடித்து ஒரே அழுத்து, மளுக்கென்று கல் முறிந்தது. அடுத்தது கொஞ்சம் முரண்டு பிடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள், அதுவும் முறிந்தது. பக்கத்தில் இருந்த மூன்றும் பயந்து விரல்களை இழுத்துக்கொண்டன. அவள் கையை எடுத்ததும், பம்புகளைப் போட்டுவிட்டு, எல்லோரையும் நிற்க வைத்தே காத்திருந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. சுமைக்காரர்கள் வாளியைக் கீழே வைத்தார்கள். அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள். முதலில் ஒரு தண்டு விரிந்தது, பிறகு மற்ற இரண்டும் விரிந்தன.

அவள் முறிந்த இரண்டு கல்லையும் எடுத்துக் கடைக்காரர் கொண்டு வந்த வாளியில் போட்டாள். காலி வாளியில் அவை விழுந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"செத்தது இதோ இருக்கு, எடுத்துட்டுப் போங்க. உயிரோட இருக்கறது இங்கதான் இருக்கும்."

கடைக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தொட்டியைப் பார்த்தார், தங்கையின் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த உப்புத் தண்ணீரைப் பார்த்தார், பிறகு போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சுமைக்காரரில் ஒருவர், இரண்டு கல் துண்டு மட்டும் கிடந்த அந்தப் பெரிய வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கிப் போனார்.