வெட்டு விழும் இடம்

ஸ்டெல்லாவுக்குப் புடவைக் கொசுவம் வைக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. என் மனைவிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. சேலையைக் கையில் பிடித்தபடி, "என்னங்க, அடுத்தாப்புல என்ன செய்யணும்?" என்றாள். விளையாடுகிறாள் என்று சிரித்தேன்.

நாங்கள் குடியிருக்கும் தேஹு ரோட்டிலிருந்து புனேயில் ஒவ்வொரு மருத்துவமனையாக அலைந்தோம். மன அழுத்தம் என்றார்கள். மாதவிடாய் நிற்கும் காலம் என்றார்கள். கடைசியில் நரம்பியல் டாக்டர் அல்சைமர் (மூளையணுக்கள் மெல்ல அழியும் நோய்) என்றார். இந்த வயதிலா என்று கேட்டேன். அவளுடைய அம்மா எப்படி இறந்தார் என்று திருப்பிக் கேட்டார். என் மாமியார் ஐம்பதிலேயே பெற்ற மகளை யாரென்று கேட்டவர். புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். நரம்பணுவின் மேலுறையில் நீளமான ஒரு புரதம் இருக்கிறது. நொதிகள் (உடலின் வேதிவேலைகளைச் செய்யும் புரதங்கள்) அதைத் துண்டாக்குகின்றன. எல்லோர் உடம்பிலும் நடப்பதுதான். வெட்டு கொஞ்சம் தள்ளி விழுந்தால், ஒட்டும் தன்மையுள்ள துண்டு மிஞ்சுகிறது. அது அமிலாய்டாக (புரதப் படிவு) மூளையில் சேர்கிறது. மிகச் சில குடும்பங்களில் அந்த நொதியே பழுதாகப் பரம்பரையில் வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு அப்படியில்லை, இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் இருக்காது. ஸ்டெல்லாவின் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது, எங்கள் வீட்டில் இருந்தது.

"மகளுக்கு?" என்றேன்.

"பாதிக்குப் பாதி."

ஸ்டெல்லா இப்போது என்னை "அண்ணே" என்கிறாள். மாத்திரைகளால் நோய் நிற்கவில்லை.

எங்கள் ஒரே மகள் பிரிசி, புனேயின் பாணேரில் ஐ.டி. வேலை பார்க்கிறாள். மரபணுப் பரிசோதனை செய்துகொள்கிறாயா என்று கேட்டேன்.

"தெரிஞ்சு என்னப்பா செய்ய? மருந்து இருக்கா?"



புனேயில் பிறந்தவள், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். சொல் கிடைக்காவிட்டால் இந்தியைப் போட்டு ஒப்பேற்றுவாள். முன்பெல்லாம் அதைச் சொல்லியே நானும் ஸ்டெல்லாவும் அவளை ஓட்டுவோம்.

போன வாரம் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். "அப்பா, அது எங்க? அதான், கஞ்சி ஊத்தி..." என்று கையை ஆட்டினாள். இந்திச் சொல்லும் வரவில்லை.

"இந்தியில சொல்லு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எதைச் சோதிக்கிறேன் என்று புரிந்துவிட்டது. "சல்னி" என்றாள். கேட்காமலே மராத்தியில் "காளணி" என்றாள். ஆங்கிலத்தில் "ஸ்ட்ரெய்னர்" என்றாள்.

"போதுமாப்பா?"

வடிகட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு இருபத்தாறு வயது. அவள் நாற்பதைத் தாண்டும்போது நான் உயிரோடு இருக்கக் கூடாது என்று தினமும் ஜெபிக்கிறேன்.